‘அஞ்சலை பிரேக்’ என்று சொல்கிறவர்களுக்கு

எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்தது சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான். வாக்கியம் நீண்டுவிட்டால் எங்கே முடிப்பது என்று தெரியாது. எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது. நேற்றுக்கூட வீட்டுச் சாவியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினேன். ஆனால் சிலது மறக்கவில்லை. மறக்க விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜொகூர் மாநிலத்துச் சாஆ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள் இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். போன தடவை மலர் ஒன்று அச்சடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். அதில் ஒரு பக்கம் எங்கள் லோரிப் பட்டறை போர்மேனைப் பற்றி. அவர் இறந்து சில வருஷமாகிறது. பெயர் எழுதவில்லை, பிள்ளைகள் பேரன்கள் இருக்கிறார்கள். ‘வண்டியின் கோளாறை மூக்காலேயே மோந்து சொல்லிவிடும் திறமைசாலி’ என்று அவரைப் புகழ்ந்து எழுதியிருந்தது. உண்மைதான். அதே பக்கத்தில் கீழே கட்டம் போட்டு ஒரு துணுக்கு. ‘நம் தோட்டத்தில் நிற்காமல் ஓடும் எதற்கும் அஞ்சலை பிரேக் என்று பெயர். இளைய தலைமுறைக்குத் தெரியுமா?’ பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்திருந்தார்கள்.

அந்த அஞ்சலை நான்தான்.

குடியை நிறுத்த முடியாதவனை அஞ்சலை பிரேக் என்பார்கள். கோயில் கூட்டத்தில் ஒருவர் ஒலிபெருக்கியை விடாமல் பேசினால் பின்னாலிருந்து யாராவது, ‘அலமாக், அஞ்சல பிரேக்குடா’ என்பான். வயிற்றுப்போக்குக்குக்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் என் இலைக்கு எதிர் இலையில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிச் சிரித்தார், நான் யாரென்று தெரியாமல். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். நாலு பேர் நடுவில் பேச எனக்கு வாய் வராது. பிறவிக் கூச்சம்.

மலர் போடுகிற பெண் போன் செய்தாள். “அம்மா, அடுத்த மலருக்கு நீங்களும் உங்க வேலை அனுபவத்த எழுதுங்கம்மா. ஆம்பளைங்கதான் எழுதுறாங்க, பொம்பளைங்க யாருமே எழுத மாட்டேங்கிறாங்க” என்றாள். இந்த ஆயுத பூஜைக்கு முன்னால் கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். இப்போது எழுதுகிறேன்.

வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கினேன், எல்லோரையும் போல. இடுப்பு வலி வந்ததும் பட்டறையில் சாமான் கழுவப் போட்டார்கள். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு நட்டு, போல்ட் எல்லாம் கழுவ வேண்டும். கழுவிக் கழுவி எது எந்த வண்டியில் எங்கே போகும் என்று பழகிவிட்டது. என் கை சின்னது, சக்கரத்துக்குப் பின்னால் நுழையும். ஆள் வராத ஒருநாள் போர்மேன் தாடையால் ஒரு லோரியைக் காட்டி, “கழட்டு” என்றார். கழற்றினேன். அதிலிருந்து பிரேக் வேலை என்றால் என்னிடம்தான் வரும்.

போர்மேன் அதிகம் பேச மாட்டார். எதற்கும் தாடைதான். சாவி வேண்டுமென்றால் தாடை, வண்டியைப் பின்னால் எடு என்றால் தாடை, நீ போகலாம் என்றாலும் தாடை. எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் மூக்குக்குக் கொண்டு போவார். கியர் எண்ணெயா, என்ஜின் எண்ணெயா, கிளச் எரிந்ததா, டீசலில் தண்ணீர் கலந்ததா, மோந்தே சொல்வார். டிரைவர் நேற்று ராத்திரி குடித்தானா என்று வண்டிச் சாவியை மோந்தே சொல்வார் என்று கேலி பேசுவார்கள்.

பிரேக் வேலை முடிந்தால் சக்கரத்தை மாட்டக்கூடாது. அவர் வந்து பார்க்க வேண்டும், அது பட்டறைச் சட்டம். குனிந்து உட்காருவார். விரலால் தடவிப் பார்ப்பார். அந்த விரலை மோந்து பார்ப்பார். பிறகு “ம்” என்பார். அந்த “ம்” வந்தால்தான் சக்கரம் மாட்டலாம். பிரேக் பேட்டைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். “பேட்டு எண்ணெயக் குடிச்சா திருப்பிக் கக்காது, தூக்கித்தான் போடணும்” என்பார். அவர் எனக்குச் சொன்னதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். கற்றுக்கொடுத்ததை நான் மறைக்கவில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அந்தக் காலத்து லோரிகளில் பிரேக் எல்லாம் மூடி போட்ட சட்டி மாதிரி. உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே தெரியாது. வெளியிலிருந்து தூசி, எண்ணெய் எது பட்டாலும் உள்ளே போகாது. ஆயுத பூஜைக்கு டிரைவர்கள் அவரவர் வண்டியைக் கழுவி, சக்கரத்தின் இரும்பை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கி, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் நடந்தது. ஒன்றும் ஆகவில்லை.

பிறகுதான் தோட்டத்துக்குப் புது லோரி ஒன்று வந்தது. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். சக்கரத்தைக் கழற்றினால் இரும்புத் தட்டு அப்படியே வெளியே தெரியும். அந்தத் தட்டை இரண்டு பக்கமும் இரண்டு பேட் கவ்விப் பிடிப்பதால்தான் வண்டி நிற்கிறது. தட்டில் எண்ணெய் பட்டால் பேட் வழுக்கும். அந்த லோரியை ஓட்டியவர் மாணிக்கம் அண்ணன். என்னை எப்போதும் ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார். அவர் வீட்டுக்காரம்மா கொடுத்துவிடும் பலகாரத்தில் எனக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பார்.

ஒரு ஆயுத பூஜைக்கு முதல் நாள் அந்த லோரிக்கு முன் பேட் மாற்றினேன். கை கழுவினேன், புதுப் பேட்டைப் போட்டேன், பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரை முறுக்கினேன், தட்டைத் துடைத்தேன். சக்கரங்களைக் கழற்றியபடியே தரையில் சாய்த்து வைத்துவிட்டு, போர்மேன் வந்து பார்க்கட்டும் என்று நின்றேன். அவர் வந்தார். ஆனால் குனியவில்லை.

“நீ போயி சுண்டலப் பாரு. நாளைக்குத் தொர வர்றாரு” என்றார், தாடையை எங்கள் லயத்து வீடுகள் பக்கம் ஆட்டி.

பட்டறையில் ஒரே பெண் நான். பூஜைச் சுண்டல் வருஷா வருஷம் என் வேலை. போனேன். கடலையை ஊறப்போட்டு, தேங்காய் துருவி, விடியற்காலையில் எழுந்து வேகவைத்துத் தாளித்தேன். தேங்காய் எண்ணெயில் தாளித்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வந்து பார்த்தபோது சக்கரமெல்லாம் மாட்டி, மாலை போட்டு, வண்டி நின்றது. பூஜை முடிந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டிகள் கிளம்பின. வாசலில் கூட்டம் இருந்ததால் மெதுவாகப் போனார்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாணிக்கம் அண்ணன் உரமூட்டை ஏற்றிக்கொண்டு செம்மண் சரிவில் இறங்கினார். அவ்வளவு பாரத்தைப் பின் பிரேக் மட்டும் எப்படித் தாங்கும்? முன் சக்கரத்தில் புகை வந்ததாம், பிடிப்பு வரவில்லையாம். லோரி கால்வாய்க்குள் இறங்கி செம்பனை மரத்தில் மோதியது. அவருடைய வலது கால் நொறுங்கிவிட்டது.

லோரியை இழுத்து வந்து பட்டறையில் போட்டார்கள். போர்மேன் தானே பேட்டைக் கழற்றினார். மூக்குக்குக் கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மோந்தவர் முகம் மாறியது. உடனே பேட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனார். நான் எடுத்து மோந்து பார்த்தேன். கருகின நல்லெண்ணெய்.

வெள்ளிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவள் நான். எனக்கு அந்த வாசம் தெரியாதா? பட்டறையில் கிரீஸ் உண்டு, என்ஜின் எண்ணெய் உண்டு, மண்ணெண்ணெய் உண்டு. நல்லெண்ணெய் ஒரே இடத்தில்தான் உண்டு. சாமி படத்துக்கு முன்னால், விளக்குக்கு வாங்கிவைத்த போத்தலில்.

அலுவலகத்தில் தோட்டத்துத் துரை கேட்டதற்கு, “பொம்பள கை, கிரீஸ் கையோட பேட்டத் தொட்டுட்டா” என்று போர்மேன் சொல்லிவிட்டார். துரை அவரைத்தான் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவர் வெளியே வந்ததும் எனக்கு இருந்த துணிச்சலையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

“போர்மேன், அது கிரீஸ் இல்ல. நல்லெண்ண வாசம் அடிக்குது.”

பட்டறை ஆட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர் என்னைப் பார்க்காமலேயே, “சுண்டல் தாளிச்ச கையோட வந்து பேட்டு மாத்துனியா?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சுண்டல் தாளித்தது பேட் மாற்றினதற்கு மறுநாள் காலை என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா? நல்லெண்ணெயில் யாராவது சுண்டல் தாளிப்பார்களா? அந்தச் சுண்டலை வாங்கி வாங்கித் தின்றவர்கள்தானே அத்தனை பேரும்? அதற்குள் ஒருத்தி, ‘பூஜை சாமானப் பொம்பள தொட்டா இப்படித்தான் ஆகும்’ என்று ஆரம்பித்தாள். அப்படிச் சொன்னதும் ஒரு பெண்தான்.

மருத்துவமனைக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். மாணிக்கம் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆரஞ்சைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்தேன்.

என்னைக் கன்றுமேட்டுக்கு மாற்றினார்கள். செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. எனக்குப் பதிலாக பிரேக் வேலைக்கு வந்தவன் லோரி நிற்காவிட்டால் என் பெயரைச் சொல்லித் தப்பிக்க ஆரம்பித்தான். ‘இதுவும் அஞ்சல பிரேக்கு போல.’ அப்படித்தான் அந்தச் சொல் பிறந்தது. பிறகு தோட்டத்தை விட்டு வந்து குளுவாங் பட்டணத்தில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையில் சேர்ந்தேன். அவர் என் கதையைக் கேட்கவில்லை. ஒரு லோரியைக் காட்டி, முன் பேட்டை மாற்றச் சொன்னார். மாற்றினேன். தானே ஏறி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ‘போலே லா’ என்றார். சரிதான் என்று அர்த்தம். ஓய்வு பெறும்வரை அங்கேதான் பிரேக் வேலை செய்தேன். ஒரு வண்டிகூடக் கோளாறென்று திரும்பி வரவில்லை. அந்தப் பெருமையை யாரும் மலரில் போடவில்லை.

இப்போது ரெங்கத்தில் தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன். வாசலில் சிமெண்டுத் தரை. அக்கம்பக்கத்தார் பழைய வண்டிகளைக் கொண்டுவருவார்கள், முடிந்ததைச் செய்து கொடுப்பேன்.

இந்த ஆயுத பூஜைக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும். மூன்று தெரு தள்ளிப் புதிதாகக் குடிவந்த தேவி என்ற பெண் பழைய பிக்கப் லோரி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினாள். விடிவதற்கு முன்னால் ஜொகூர் பாரு பாசார் சந்தைக்குப் பூ ஏற்றிப்போகிறவள்.

“ஆண்ட்டி, நீங்க லோரிப் பட்டறையில வேல செஞ்சீங்களாமே? முன்னால பிரேக்கு கீச்சு கீச்சுன்னு கத்துது ஆண்ட்டி. பாசார்ல எல்லாரும் திரும்பிப் பாக்கிறாங்க. மித்த பட்டறையில விட்டா ரெண்டு நாளு ஆகுமாம். பூஜ நேரத்துல பூ ஏத்தாம இருக்க முடியுமா?”

“பேட்டு தேஞ்சிருக்கும். இது வரைக்கும் பாக்கலியா?”

“எங்கப்பா சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. அஞ்சல பிரேக்காட்டம் ஆயிருச்சு, மாத்து மாத்துன்னு. அது ஏதோ பழைய காலத்துக் கம்பெனி போல.”

“உங்கப்பா பேரு என்னம்மா?”

“மாணிக்கம். சாஆ பக்கம் தோட்டத்துல லோரி ஓட்டுனாரு. கால்ல அடிபட்டதுக்கப்பறம் வாச்மேன் வேல.”

அவள் என் பெயரைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. “புதுப் பேட்டு வாங்கிக்கிட்டு நாளைக்குக் காலையில வா” என்றேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளை தினமும் பெருஞ்சாலையில் போகிறவள். அவளுடைய பேட்டுக்கும் என் கோபத்துக்கும் சம்பந்தமில்லை.

காலையில் வந்ததும் போனில் ஒரு படம் காட்டினாள். யாரோ ஒருவன் பத்து நிமிஷத்தில் வீட்டிலேயே பேட் மாற்றுகிறான். காலிப்பரைக் கழற்றி, பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாயிலேயே தொங்க விடுகிறான்! அவ்வளவு கனத்தை அந்தக் குழாய் தாங்குமா? உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது, அவசரத்துக்கு மிதிக்கும்போதுதான் தெரியும். “மூடிவெய்யி அத” என்றேன்.

முதலில் கைப்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை இளக்கினேன். தூக்கிய பிறகு இளக்கினால் வண்டி ஆடும். ஜாக்கில் தூக்கி, அதை நம்பாமல் இரும்பு முட்டுக் கொடுத்து, கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கடியில் தள்ளினேன். முட்டு சரிந்தாலும் ஆள் மேல் விழாது. காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே மடக்கி, கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டினேன். பேட்டை எடுத்துப் பார்த்தால் வெளிப்பக்கத்துப் பேட்டில் பாதி இருந்தது, உள்பக்கத்துப் பேட் இரும்பு வரைக்கும் தேய்ந்திருந்தது. காலிப்பர் நகர வேண்டிய ஊசி துருப்பிடித்து இறுகிவிட்டது. வெறும் பேட்டை மாற்றினால் இதே கதை திரும்பவும் வரும். ஊசியைத் தேய்த்துச் சுத்தம் செய்து அதற்கான கிரீஸைக் கொஞ்சமாகப் பூசினேன். மேலே பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, வழிந்தால் வண்டியின் சாயத்தைத் தின்றுவிடும் என்பதால் சுற்றித் துணி போட்டு, பழைய பேட்டை வைத்து அமுக்கி பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளினேன்.

அப்போதுதான் வாசல் கம்பியில் கை வைத்தபடி ஒருவர் நின்றார். ஊன்றுகோல், கையில் பூஜைச் சாமான் பை. வயதாகிவிட்டாலும் அந்தக் காலை எனக்குத் தெரியாதா?

அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. என்னிடம் பேசவில்லை. மகளைப் பார்த்து, “ஒனக்கு ரெங்கத்துல வேற ஆளே கெடைக்கலியா?” என்றார்.

“ஏம்ப்பா? ஆண்ட்டி நல்லாத்தானே செய்யிறாங்க.”

“இதுதான் அந்த அஞ்சல.”

தேவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அஞ்சலன்னா ஆளாப்பா? கம்பெனின்னுல்ல நெனச்சேன்!”

எழுந்து உள்ளே போனேன். கை கழுவ வேண்டும், தட்டைக் கழுவச் சோப்புத் தண்ணீர் கரைக்க வேண்டும். தேவியும் பின்னாலேயே வந்து, “கோவிச்சுக்காதீங்க ஆண்ட்டி, அவரு அப்படித்தான் லா” என்று சொல்லிக்கொண்டே தே ஓ, பாலில்லாத் தேநீர், கலக்கினாள். வாளியோடு வெளியே வந்தேன்.

அவர் என் முக்காலியில் உட்கார்ந்திருந்தார், கெட்ட காலை நீட்டிக்கொண்டு. பையிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் திறந்து வைத்து, துணியை நனைத்து, பிரேக் தட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எடுங்க கைய!”

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பக்கத்து வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள்.

“என்னா கத்துற? துரு ஏறிக் கெடக்கு. பூஜைக்கு வண்டி இப்படியா நிக்கிறது?”

“அதுல எண்ண படக்கூடாது.”

“யாரு சொன்னா? வருஷா வருஷம் தொடைக்கிறதுதான்.”

“வருஷா வருஷம் சக்கரத்துக்கு வெளிய தொடைப்பீங்க. உள்ள தொடைச்சிருக்கீங்களா?”

“சக்கரத்தக் கழட்டி வச்சிருந்தாத்தானே உள்ள தொடைக்க முடியும்?”

“இதுக்கு முந்தி சக்கரத்தக் கழட்டி வச்சிருந்தப்ப எப்பத் தொடைச்சீங்க?”

துணியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

“அன்னைக்கு” என்றார்.

தேவி தே ஓ கோப்பைகளோடு கதவில் நின்றாள். நான் நகரவில்லை.

“நீ சுண்டலுக்குப் போயிட்ட. சக்கரம் கீழ கெடந்துச்சு. புது வண்டி, தட்டு கண்ணாடியாட்டம் இருந்துச்சு. துரு ஏறிரும்னு ரெண்டு பக்கமும் நல்லாத் தொடைச்சு விட்டேன்.”

“எண்ண ஏது?”

“சாமி முன்னால இருந்த போத்தலு.”

“எடுத்துக் குடுத்தது யாரு?”

துணியைத் தரையில் வைத்தார். பிறகு சொன்னார். “போர்மேன் பக்கத்துலதான் நின்னாரு. எண்ண வேணும்னேன். போத்தலப் பாத்துத் தாடைய ஆட்டுனாரு.”

“தொடைச்சு முடிச்சப்பறம் குனிஞ்சு பாத்தாரா? மோந்து பாத்தாரா?”

“இல்ல. தொர வர்றாரு, சக்கரத்த மாட்டுன்னாரு. அவசரம்.”

“நல்லெண்ண வாசம்னு அன்னைக்கே சொன்னேன். ஒங்க காதுக்கு வந்துச்சா?”

“வந்துச்சு. நீ சுண்டல் தாளிச்சுட்டு வந்தேன்னு சொன்னாங்க. நானும் அதான்னு நெனச்சேன். எனக்குத் தெரியாது. சத்தியமா எண்ண ஆகாதுன்னு எனக்குத் தெரியாது.”

“ஒங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.”

அவர் போத்தலை மூடப் போனார். மூடி நழுவிக் கீழே விழுந்தது. தேவிதான் எடுத்துக் கொடுத்தாள். “அவரு செத்துப் போயிட்டாரு, தங்கச்சி. இனிமே என்னா? விட்டுரு” என்றார்.

தங்கச்சி. அந்தச் சொல்லுக்காக ஒரு காலத்தில் எவ்வளவோ அழுதிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்குப் போதவில்லை.

“அவரு செத்துட்டாரு. நான் இன்னும் சாகலியே. மலர்ல போட்டிருந்தாங்களே, பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“சிரிச்சீங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். “சிரிச்சேன்” என்றார்.

நான் வாளியை இழுத்து வைத்துக்கொண்டு தட்டைக் கழுவினேன். சோப்புப் போட்டு இரண்டு பக்கமும் தேய்த்து, துடைத்து, பிரேக் கழுவுகிற மருந்து அடித்து, மறுபடியும் சுத்தமான துணியால் துடைத்தேன். நல்ல வேளை, புதுப் பேட் இன்னும் பெட்டியில்தான் இருந்தது. கையைத் திரும்பக் கழுவிக்கொண்டு வந்து மாட்டினேன். அடுத்த பக்கமும் அதே மாதிரி. அவர் முக்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்று, முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் மாட்டுவதற்கு முன்னால் தட்டை விரலால் தடவி மோந்து பார்த்தேன். இரும்பு வாசம். “ம்” சொல்ல எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

பேட் மாற்றியதும் வண்டியை எடுக்கக்கூடாது. உள்ளே தள்ளிய பிஸ்டன் திரும்ப வந்து பேட்டைத் தொடும்வரை முதல் மிதி தரைவரை போகும். தெரியாமல் கிளப்பினால் எதிர் வீட்டுக்குள் போய்த்தான் நிற்கும். மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தேவி ஏறப் போனாள். நான் தடுத்துவிட்டு, “அண்ணே, நீங்க ஏறி மிதிங்க” என்றேன்.

“எனக்கா? இந்தக் காலோடயா?”

“அந்தக் காலாலதான்.”

ஏறி உட்கார அவருக்கு நேரம் எடுத்தது. மிதித்தார். தரைவரை போனது. என்னைப் பார்த்தார். “மிதிங்க” என்றேன். மறுபடியும், மறுபடியும் மிதித்தார். கொஞ்சம் கொஞ்சமாக மிதி மேலே வந்து நின்றது. “கல்லாட்டம் இருக்கு” என்றார். எண்ணெய்க் கிண்ணத்தின் அளவைப் பார்த்து மூடினேன். தேவி ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாமானைச் சுற்றி வந்தார்கள். என் வாசலுக்கு நேராக அழுத்தி நிறுத்தினாள். சத்தமில்லை, இழுப்புமில்லை. கண்ணாடியில் கட்டியிருந்த வேப்பிலை மட்டும் முன்னால் போய்விட்டு வந்தது.

“எனக்குச் சொன்னத எல்லாருக்கும் சொல்லுவீங்களா?” என்று கேட்டேன்.

யோசித்தார். “யாராச்சும் வந்து கேட்டா சொல்றேன். கேக்காம நானாப் போயி எப்படிச் சொல்றது?”

மலர் போடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். என் எழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன். அந்தப் புது லோரி பச்சையா நீலமா என்று எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. மோதியது சரிவின் முதல் வளைவிலா இரண்டாவதிலா என்பதும் மறந்துவிட்டது. விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துப் போடுங்கள். எண்ணெய் விஷயத்தையும் நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம், அதையும் சரிபாருங்கள். சரியாக இருந்தால் போன தடவை துணுக்குப் போட்ட அதே அளவுக்குக் கட்டம் போட்டு எழுதுங்கள், சிரிக்கிற முகம் வேண்டாம். மாணிக்கம் அண்ணன் காலை வேளையில் வீட்டில்தான் இருக்கிறார். இடது காது மந்தம், கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டும். கேட்டால் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை யாரும் கேட்கவில்லை.